கிரஞ்ச்: தோற்றமும் வளர்ச்சியும்

பாயிரம்

சென்ற ஆடி மாதம் சித்தூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் யாரோ இரும்புப் பீரோவை இழுத்து இடம் மாற்றுவதுபோல் சத்தம். ஏறிப் பார்த்தால் பீரோவைக் காணோம். அண்ணன் மகன் நின்றிருந்தான். திருப்பதியில் இன்ஜினியரிங் படிக்கிற பையன். கையில் கிதார், காலடியில் ஒரு சின்ன டப்பா, எதிரே இரண்டு சிநேகிதர்கள்.

"என்னடா இது?"

"கிரஞ்ச், சித்தப்பா. அமெரிக்காவுல சியாட்டில்னு ஒரு ஊரு, அங்க பொறந்தது."

"ஏன் இப்படிக் கரகரங்குது? ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கா?"

"கிழிஞ்ச மாதிரி கேக்கணும்னுதான் இந்தப் பெடலே வாங்கினேன். நாலாயிரம் ரூபா."

நல்ல ஸ்பீக்கரைக் கிழிந்த ஸ்பீக்கர்போல் ஒலிக்கவைக்க நாலாயிரம் ரூபாய் செலவழிக்கும் கலை ஒன்று நம் முன்னோருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. விமானம், அணு, ஒட்டறுவை சிகிச்சை முதலியன நம்மிடமிருந்தே உலகுக்குப் போயின என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பட்டியலில் கிரஞ்சையும் சேர்ப்பது பெரிய வேலையாக இராது. ஆறு மாதம் உழைத்தேன். கண்டது இது: சியாட்டில்காரர்கள் 1980களில் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் கிரஞ்ச், அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே காஞ்சிபுரத்தில் மேடையேறி, புங்கனூர்க்காரர் ஒருவர் வழியாகச் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கு வந்து, மதுரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மறுப்பு உடையவர்கள் பொறுத்திருக்கவும். அவர்களுக்கென்று கடைசியில் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறேன்.

1. சொல்லாராய்ச்சி

ஆராய்ச்சி என்றால் முதலில் சொல்லைப் பிடிக்க வேண்டும்; பொருள் எங்கே ஓடிவிடப் போகிறது? கிரஞ்ச் என்றால் ஆங்கிலத்தில் அழுக்கு, பிசுக்கு. 1981இல் மார்க் ஆர்ம் என்ற சியாட்டில் இளைஞர் ஒரு சிறுபத்திரிகைக்குக் கடிதம் எழுதித் தம்முடைய குழுவைத் தாமே திட்டினார். அந்தத் திட்டில் இந்தச் சொல்லும் இருந்தது. பிற்காலத்தில் அதுவே ஒரு தலைமுறை இசைக்குப் பெயராகிவிட்டது. திட்டிய பெயர் பட்டப்பெயராகவும், பட்டப்பெயர் ரேஷன் கார்டுப் பெயராகவும் ஆவது நம் தெருவிலும் நடப்பதுதான்.

அடுத்து, இந்த மரபின் தலைமைக் குழுவான நிர்வாணா. 1987இல் வாஷிங்டன் மாநிலத்து ஆபர்டீன் என்ற மரம் வெட்டும் ஊரில் குர்ட் கோபேனும் கிறிஸ்ட் நோவோசெலிச்சும் தொடங்கியது. பெயரைப் பௌத்த முக்தி என்ற பொருளில் வைத்ததாக மேல்நாட்டார் சொல்வார்கள். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நினைவுக்கு வருவது முக்தி அன்று. 1991 செப்டம்பர் 24 அன்று இக்குழு 'நெவர்மைண்ட்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதன் அட்டையில் ஒரு குழந்தை பொட்டுத் துணியில்லாமல் தண்ணீருக்கடியில் நீந்துகிறது. பௌத்தப் பொருள்தான் மனத்தில் இருந்திருந்தால் அட்டையில் போதி மரம் அல்லவா வந்திருக்கும்? குழுவினருக்குத் தமிழ்ப் பொருள் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 'நெவர்மைண்ட்' என்பதும் சித்தூர்க் கடைத்தெருவில் நிமிஷத்துக்கு ஒரு தரம் காதில் விழும் 'பர்வாலேது' என்பதன் நேர் மொழிபெயர்ப்பே.

இனி நிகண்டு. 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், கிரஞ்ச் இளைஞர்களின் பேச்சுவழக்கைத் திரட்டிச் சிறு சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சொற்களைத் தந்தவர் மேகன் ஜாஸ்பர் என்ற பெண். சப் பாப் என்ற சியாட்டில் இசைத்தட்டுக் கம்பெனியில் வரவேற்பாளராக இருந்தவர். நிருபர் தொலைபேசியில் கேட்கக் கேட்க, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். ஒரு சொல்லைக்கூட எவரும் பேசியதில்லை. உலகப் புகழ் பெற்ற பத்திரிகை அத்தனையையும் அச்சிட்டது. குட்டு மறு வருஷம்தான் உடைந்தது. சொல்லாராய்ச்சியின் உறுதிப்பாடு இத்தகையது. ஆகவே மேலே நான் நிறுவியதை வாசகர்கள் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

2. இலக்கணம்

கிரஞ்சுக்கு இலக்கணம் ஐந்து. ஓசை மிகுதி, மெருகின்மேல் வெறுப்பு, கம்பெனிக்காரரை நம்பாமை, தலைவன் அற்ப ஆயுளில் மறைதல், மறைந்தபின் பாடத்திட்டத்தில் சேர்தல். ஐந்தும் சேர்ந்தால் கிரஞ்ச். முதல் மூன்று மட்டும் இருந்தால் பக்கத்து வீட்டுப் பையன்.

தலைமுடியை நான் இலக்கணத்தில் சேர்க்கவில்லை. திருப்பதி வட்டாரத்தில் நீண்ட முடி வளர்த்தவனின் சொத்தாகாது; மலைமேல் மொட்டையடிக்கும் கல்யாணகட்டாவில் செலுத்த வேண்டிய பாக்கி. தேவஸ்தானம் அதை ஏலம் விட, அது சவுரியாகிக் கப்பலேறுகிறது. மேல்நாட்டு மேடைகளில் ஆடிய கூந்தல்களில் எத்தனை சுருள் எங்கள் வேண்டுதல் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

கட்டம் போட்ட ஃபிளானல் சட்டையும் இலக்கணத்தில் இல்லை. அது சியாட்டில் குளிருக்குப் போட்டது. மே மாதச் சித்தூரில் அதைப் போட்டுக்கொண்டு பாடினால் இரண்டாம் பாட்டுக்கு ஆள் இருக்கமாட்டார். மார்க் ஜேக்கப்ஸ் என்ற தையல் மேதை 1992இல் அந்த அழுக்குச் சட்டையைப் பட்டில் தைத்துக் காட்சிக்கு விட்டார். அவரை அமர்த்தியிருந்த பெர்ரி எல்லிஸ் கம்பெனி வேலையை விட்டு நீக்கியது. காஞ்சிபுரத்தில் கேட்டிருந்தால் பட்டுக்கு எதுவும் தடையில்லை என்று சொல்லியிருப்பார்கள்.

3. காஞ்சிக் காலம்

காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை 1889இல் பிறந்தார். இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. தாய் காமாட்சி அம்மாளும் தாயின் சகோதரி தனகோடி அம்மாளும் ஊரறிந்த பாடகிகள். வீட்டில் சங்கீதம் பெருகி ஓடியபோதும் பிள்ளைக்கு இளமையில் குஸ்தியிலும் உடற்பயிற்சியிலும்தான் நாட்டம் என்பார்கள். பிறகு திடீரென்று பாட்டுக்குத் திரும்பினார். குஸ்தியை மட்டும் விடவில்லை. அதை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவருடைய கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர். உயர் நீதிமன்றத்தில் பெரிய வழக்கென்றால் ஒரு நீதிபதி போதாமல் பலர் சேர்ந்து உட்காருவார்களே, அந்தப் பெயர். சென்னைச் சபைகளில் வக்கீல்களின் கை ஓங்கியிருந்த காலம்; கச்சேரியைக் கேட்டவர்கள் அதைத் தங்கள் தொழிலோடு ஒப்பிட்டதில் வியப்பில்லை. பாடகர், வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், போதாக்குறைக்கு வாயாலேயே தாளச் சொற்களைப் பொழியும் கொன்னக்கோல். கஞ்சிராவுக்குப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை, கொன்னக்கோலுக்கு மன்னார்குடி பக்கிரிப் பிள்ளை போன்றவர்கள் உட்கார்ந்த பெஞ்ச் அது. நிர்வாணாவில் மொத்தமே மூன்று பேர்; அதில் தாளத்துக்கு டேவ் குரோல் ஒருவர். இங்கே தாளத்துக்கு மட்டும் ஆறு பேர். மைக் இன்னும் கச்சேரி மேடைக்கு வந்து சேராத காலத்தில் அத்தனை பேருக்கும் மேலே ஒரு தொண்டை கேட்டாக வேண்டும். முதல் இலக்கணம் நிறைவேறியது.

பாட்டில் மெருகு போட அங்கே நேரம் கிடையாது. பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாளத்தில் எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே எடுத்து, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் திருப்பி, கணக்குப் போட்டுச் சுரம் பாடி, புறப்பட்ட இடத்துக்கே துளி பிசகாமல் வந்து சேர வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஆறு பேரும் உதவிக்கு வந்தவர்களா, தடுக்கி விழவைக்க வந்தவர்களா என்பது கச்சேரி முடியும்வரை தெரியாது. நயினாப் பிள்ளை இதோடு நில்லாமல், வாய் சுளுக்கும் தாளங்களில் அமைந்த திருப்புகழ்ப் பாடல்களையும் எடுத்து வைத்தார். ரசிகர் பாட்டைக் கேட்டாரா, தொடையில் தாளம் போட்டுக் கணக்குச் சரிபார்த்தாரா என்று கேட்டால், இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம்.

அதே தலைமுறையில், 1890இல் பிறந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், பல்லவியின் நீளத்தைக் குறைத்து, பல பாட்டு, பல ராகம், கடைசியில் துக்கடா என்று ஒரு பத்ததியை நிலைநாட்டினார். கேட்பவருக்குச் சுகம், பாடுபவருக்குப் பத்திரம். 1992 ஜனவரியில் நெவர்மைண்ட், மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' தொகுப்பை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. நம்மிடம் நடந்தது நேர்மாறு. அரியக்குடிப் பத்ததி முதலிடம் பிடித்து இன்றுவரை இறங்கவில்லை. நம்மூரில் கிரஞ்ச் தோற்றுவிட்டது என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறேன். அதனால்தான் அது தூய்மையாக இருக்கிறது.

நயினாப் பிள்ளை 1934இல், தம் 45ஆம் வயதில் மறைந்தார். கோபேன் 1994இல், 27 வயதில். இடையே அறுபது ஆண்டு, பஞ்சாங்கத்தில் சரியாக ஒரு சுற்று. நான்காம் இலக்கணத்தைப் பற்றி விளையாட்டாக எழுத மனம் வரவில்லை; மேலே போவோம்.

4. கருவியியல்

சியாட்டில் ஓசையின் அடிப்படை பெடல். கிதாரிலிருந்து வரும் நல்ல ஒலியைக் காலால் மிதித்தால் அது பிசிறடித்து, தடித்து, கரகரத்து வெளியேறும். மார்க் ஆர்மின் மட்ஹனி என்ற குழு 1988இல் தங்கள் இசைத்தட்டுக்கு இரண்டு பெடல்களின் பெயரையே சேர்த்து வைத்தது. சோற்றுக்கு அடுப்பின் பெயரை வைப்பது போன்ற நன்றியுணர்ச்சி.

நம்மிடம் இந்த வேலையைச் செய்வது ஒரு நூல். தம்புராவின் குடத்துமேல் 'குதிரை' என்ற சிறு பலகை இருக்கும். தந்தி அதன்மேல் படுத்துப் போகும். நூலில்லாமல் மீட்டினால் தந்தி 'டங்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு துண்டுப் பருத்தி நூலைச் செருகி, இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். ஓரிடத்தில், ஒரே ஓரிடத்தில், தந்தி குதிரையை உரசும் உரசாமலும் அதிர ஆரம்பித்து, ஒற்றை ஒலி பிசிறாகப் பிரிந்து வண்டு கூட்டம்போல் ரீங்கரிக்கும். அரிசி அளவு தாண்டினால் போச்சு; மறுபடி 'டங்'. இந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். உயிர் என்று பொருள். மேல்நாட்டார் இதே பிசிறுக்கு வைத்த பெயர் 'டிஸ்டார்ஷன்', அதாவது கோணல். ஒரே ஒலியை அவர்கள் கோணல் என்றார்கள், நாம் உயிர் என்றோம். விலை வேறுபாட்டை ஏற்கெனவே குறிப்பிட்டிருக்கிறேன்.

கஞ்சிராவும் கவனிக்கத்தக்கது. பலாமரச் சட்டம், ஒரு பிளவில் இரண்டொரு காசுகள், மேலே உடும்புத் தோல். சுருதி ஏறிப்போனால் தோலின் உட்புறத்தில் தண்ணீரைத் தடவி இறக்குவார்கள். வித்வான் அடிக்கடி விரலைச் சொம்பில் நனைப்பது தாகத்தால் அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்புக்குக் காவலாக வந்தது. கேட்பவரின் காதைக் காப்பாற்ற ராக் இசைக்கு எதிராகச் சட்டம் கேட்டவர்கள் பல நாட்டில் உண்டு. வாத்தியத்தின் தோலைக் காப்பாற்றச் சட்டம் வந்தது இங்கேதான்.

5. கம்பெனியும் செப்பேடும்

கிரஞ்ச் குழுக்களுக்குக் கம்பெனி என்றால் ஆகாது. நிர்வாணா தன் முதல் தொகுப்பை 606 டாலர் 17 சென்ட்டில் பதிவு செய்தது. அந்த 17 சென்ட் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. பேர்ல் ஜாம் குழு டிக்கெட் விலையைக் குறைக்கச் சொல்லி டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தோடு மோதி, 1994இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சாட்சி சொல்லும்வரை போனது. எங்கள் வட்டாரத்துத் திருமலையில் 300 ரூபாய் தரிசன டிக்கெட் வாங்கியவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, சன்னிதியில் சில விநாடி நின்று, நிறைந்த மனத்தோடு இறங்கி வருகிறார்கள். விலையைப் பற்றி யாரும் நாடாளுமன்றத்துக்குப் போனதில்லை. இசை நிகழ்ச்சி நடத்துவோர் கற்றுக்கொள்ள இதில் நிறைய உண்டு.

நயினாப் பிள்ளை இந்த மூன்றாம் இலக்கணத்தில் எல்லாரையும் மிஞ்சியவர். கிராமபோன் வந்து பாடகர்களை வீடுவீடாகக் கொண்டுபோன காலத்தில் அவர் ஓர் இசைத்தட்டுகூட விட்டுச் செல்லவில்லை. நாலு மணி நேரக் கச்சேரியை மூன்று சொச்ச நிமிஷத் தட்டில் எப்படி அடக்குவது? கையிலிருந்த பணத்தைக் காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவம் நடத்திச் செலவழித்தார்.

இதற்கு எதிர்க்கோடியில் நிற்பது திருமலை. 15ஆம் நூற்றாண்டின் தாள்ளப்பாக்கம் அன்னமாசார்யர் வேங்கடவன்மேல் 32,000 சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்ன சாளுவ நரசிம்மரிடம் மாட்டேன் என்று சொல்லி விலங்கு பூட்டப்பட்டார் என்றும், பாடியதும் விலங்கு தானே கழன்றது என்றும் கதை. புரவலரோடு மோதியவர்களில் இவருக்கே முதலிடம். அவர் குடும்பத்தார் அந்தப் பாடல்களைச் செப்பேடுகளில் பொறித்துக் கோயிலுக்குள் ஒரு சிறு அறையில் வைத்தார்கள். 1922வாக்கில் அது மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் இருந்தன. செப்பில் தட்டு வெளியிட்டு, நானூறு ஆண்டு விற்பனைக்கு விடாமல் பூட்டிவைத்த கம்பெனி உலகில் வேறு இல்லை.

ஆனால் ஏடுகளை எடுத்துப் படித்தவர்களுக்கு ஒரு சங்கடம். பாட்டின் வரி இருந்தது. தலைப்பில் ராகத்தின் பெயரும் இருந்தது. மெட்டு மட்டும் இல்லை. வேட்டூரி பிரபாகர சாஸ்திரியைப் போன்றவர்கள் எழுத்தைப் பதிப்பித்தார்கள், ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் பிறகு புதிதாக மெட்டுப் போட்டார்கள், எம்.எஸ். சுப்புலட்சுமி பாட, அவை வீடுகளுக்குள் நுழைந்தன. செம்பு சொல்லைக் காப்பாற்றியது. ஒலியைக் காப்பாற்றும் வேலை அதற்கு ஒப்படைக்கப்படவில்லை.

எதையும் பொறிக்காத நயினாப் பிள்ளையின் ஒலி எங்கே போயிற்று? அதற்குப் புங்கனூர் போக வேண்டும்.

6. பரம்பரை

சித்தூர் வட்டாரத்துப் புங்கனூர் இரண்டு விஷயங்களுக்குப் பெயர் பெற்றது. ஒன்று, உலகின் மிகக் குட்டையான மாட்டினங்களில் ஒன்றான புங்கனூர்க் குட்டை. உருவம் சிறிது, பாலில் கொழுப்பு பெரிது. மற்றொன்று, அவ்வூர்ப் பக்கம் 1898இல் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. தெலுங்குப் பேசும் வீட்டுப் பையன் காஞ்சிக்குப் போய், தன் பெயரே கொண்ட குருவிடம் ஆண்டுக்கணக்கில் குருகுலவாசம் செய்தான்.

குருகுலவாசம் என்றால் என்ன என்பதை இன்றைய ரசிகருக்குச் சொல்ல வேண்டும். தண்ணீர் இறைப்பது, துணி துவைப்பது, தம்புரா தூக்குவது, குருவின் பின்னால் உட்கார்ந்து கூடப் பாடுவது. பாடம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் ஒரு முறைதான். எழுதிக்கொள்ள முடியாது. ஆகவே காது எழுதிக்கொள்ளும். சித்தூராரின் காது எழுதிக்கொண்டதில் லயம் அதிகம், மெருகு குறைவு. அவர் பாடி எழுந்தபோது காஞ்சி பெஞ்ச் முழுவதும் அவர் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தது.

குரு செய்யாததை அவர் செய்தார். இசைத்தட்டுக் கொடுத்தார், 'மதுரா நகரிலோ' என்ற தெலுங்குப் பாட்டு அவர் குரலில் பரவியது. கிரஞ்ச் ஆராய்ச்சியாளர் இந்த இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு 'கம்பெனிக்கு விலைபோதல்' என்று எழுதுவார்கள். 1954இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி தந்தது. 1964இல் சங்கீத நாடக அகாடமி விருது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்னார். திருப்பதி வேங்கடேசுவர இசைக் கல்லூரியில் பணியாற்றினார். ராமேசுவரத்தில் இசைப் பள்ளியை நடத்தினார். ஐந்தாம் இலக்கணம் இப்படி நிறைவேறியது. ஒரு காலத்தில் 'இது பாட்டா, சண்டையா' என்று கேட்கவைத்த சங்கதி, மலையடிவாரத்தில் மணியடித்தால் தொடங்கி மணியடித்தால் முடியும் வகுப்பானது. நம் நாட்டில் கலகக்காரனை யாரும் தண்டிப்பதில்லை. சால்வை போர்த்தி, வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பெண்கள் வழியாகவும் மரபு போனது. டி. பிருந்தா நயினாப் பிள்ளையிடம் நேரே கற்றார். காஞ்சியில் வளர்ந்த டி.கே. பட்டம்மாள் நேரே கற்காமல் கேட்டே அவரை மானசீக குருவாகக் கொண்டு, மேடையில் பல்லவி பாடும் துணிவை அங்கிருந்து எடுத்துக்கொண்டார். ஆண்கள் மட்டும் பூட்டிவைத்திருந்த கணக்குப் புத்தகம் அது.

ஆனால் முழுச் சொத்தும் போனது சித்தூராரின் சீடர் மதுரை சோமுவுக்கு. 1919இல் சுவாமிமலையில் பிறந்தவர். குருவோடு பத்தாண்டுக்கும் மேல் இருந்தவர். கரகரப்புக் கலந்த குரல். பாடும்போது கை, தோள், முகம், உடம்பு எல்லாம் பாடும். கோயில் திருவிழாவில் இரவு பத்துக்கு உட்கார்ந்தால் கோழி கூவுவதற்கும் மங்களத்துக்கும் போட்டி. பக்கத்தில் மறுபடியும் அந்தப் பெஞ்ச். மண்ணில் துண்டு விரித்து உட்கார்ந்தவன் அழுதான் என்றால் அவனுக்கு ராகத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1972இல் சின்னப்பா தேவரின் 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகனை அவர் அழைத்த அழைப்பு, சபா வாசலே மிதிக்காத ஜனங்களையும் போய்ச் சேர்ந்தது. பத்மஸ்ரீயும் வந்தது. 1989 டிசம்பரில் அவர் மறைந்தார். அதே ஆண்டு நிர்வாணாவின் முதல் தொகுப்பு வெளிவந்தது. விளக்கை யார் யாரிடம் கொடுத்தார்கள் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

7. தடையும் விடையும்

தடை ஒன்று: கிரஞ்ச் என்றால் மனச்சோர்வு, வெறுமை, இங்கே பக்தி அல்லவா?
விடை: தியாகராஜரின் கீர்த்தனைகளில் பாதி புகார். ஏன் வரவில்லை, ஏன் பேசவில்லை, என்னைவிட்டால் உனக்கு யார் என்று ராமரைக் குடைவதுதான். சியாட்டில்காரர்களும் புகார்தான் பாடினார்கள். நம்முடைய புகாரில் முகவரி எழுதியிருந்தது, அவர்களுடையதில் இல்லை. தபால் வேறுபாடு.

தடை இரண்டு: மின்சாரம் இல்லாமல் ராக் எது?
விடை: மின்சாரம் நின்றால் அவர்கள் கச்சேரி நின்றுவிடும். எங்கள் மாவட்டத்தில் வளரும் இசை அதை நம்பியிருக்க முடியாது.

தடை மூன்று: சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் இருக்கின்றன. இதைத் தமிழர் உரிமை கொண்டாடலாமா?
விடை: இது நியாயமான கேள்வி, இதற்காக எல்லைப் போராட்டத் தலைவர் ம.பொ.சி. சிறை சென்றிருக்கிறார். சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1ஆம் தேதி பிறந்தது. திருத்தணியை இந்தப் பக்கம் சேர்த்த எல்லை மாற்றம் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4. மூன்று நாள் தாமதம். இந்த வட்டாரத்தைப் பற்றிய பெரிய முடிவுகளை எந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லா அரசுகளுக்கும் ஒற்றுமை இருந்திருக்கிறது. மற்றபடி, தமிழ்நாட்டுக் குருவிடம் தெலுங்குச் சீடர் கற்று, அதைத் தமிழ்ச் சீடருக்குக் கொடுத்து, அவர் முருகனைப் பாடினார். இதில் எந்த இடத்தில் வேலி போடுவது என்று எல்லைக் கமிஷன் எதையும் குறிப்பிட்டதாகத் தெரியவில்லை.

முடிபு

கட்டுரையை எழுதி முடித்ததும் சித்தூருக்கே எடுத்துக்கொண்டு போனேன். மாடியில் பீரோச் சத்தம் இல்லை. பெடல் ரிப்பேர். பையன் சோர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"படிச்சுக் காட்டட்டுமா?" என்றேன்.

"எத்தனை பக்கம், சித்தப்பா?"

நான் கட்டுரையை மடித்துப் பையில் வைத்தேன். வேட்டி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவினேன். எனக்குச் சங்கீதம் வராது. சின்ன வயதில் எதிர்வீட்டுப் பாட்டு வாத்தியார் தம்புராவுக்கு ஜீவா போடும்போது நூலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டவன், அவ்வளவுதான். கிதாரின் தடித்த தந்திக்கு அடியில், அது உட்காரும் பாலத்துமேல், நூலைச் செருகி நகர்த்தினேன். டங். இன்னும் கொஞ்சம். டங். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தியபோது தந்தி வாயைத் திறந்தது.

"இருங்க சித்தப்பா, அங்கேயே இருங்க, நகத்தாதீங்க" என்றவன் மறுபடி மீட்டினான். பிறகு, "நீங்க விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்" என்று நூல் நுனியைத் தானே வாங்கிக்கொண்டான்.

கீழேயிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "இன்னுமா அந்தப் பீரோவை நகத்தி முடியல?"